எனக்குப் போட்ட பாட்டை இன்னொருத்தி பாடினாள்

பாட வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் எனக்குப் போன் செய்வது ஒரே கேள்வியைக் கேட்கத்தான். நாளைக்கு ரெக்கார்டிங், தொண்டை கட்டிக்கொண்டது, என்ன சாப்பிடலாம்? மிளகும் சித்தரத்தையும் போட்ட ரகசியக் கஷாயம் ஒன்றை வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு. என் அலமாரியில் இருப்பது ஒரு பாட்டில் இருமல் மருந்து. அதுவும் காலாவதியாகிவிட்டது.

ஆனால் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும்போது நாளைக்கு ரெக்கார்டிங் என்று வந்தால் மனசு எப்படியெல்லாம் ஆடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டபோது, போனில் சொல்லி முடிக்க முடியாத அந்தக் கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பெயர் மெர்சி. ஊர் ஆம்பூர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. நானும் என் அக்கா எஸ்தரும் படிப்பு முடிந்த கையோடு ஷூ கம்பெனியில் சேர்ந்தோம். அக்கா அங்கேயே நின்று, தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். நான் மிஷினில் கால் வைத்தாலே வாய் பாட ஆரம்பித்துவிடும். பக்கத்து மிஷின் பெண்கள் தையலை விட்டுவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். இப்படியே போனால் ஊருக்கெல்லாம் ஒற்றைக்கால் ஷூதான் போகும் என்று அக்கா சொல்வாள். சர்ச் பாடகர் குழு, அப்புறம் வேலூரில் ஒரு மெல்லிசைக் குழு, வாலாஜாபேட்டையில் தொடங்கி வாணியம்பாடி வரைக்கும் கல்யாண வரவேற்புகள், அங்கிருந்து சென்னை.

சென்னையில் முதலில் டிராக் பாடினேன். பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால், மெட்டு புரிவதற்காக நாம் பாடி வைக்க வேண்டும். அவர் பாடி முடித்ததும் நம் குரலை அழித்துவிடுவார்கள். சில வருஷம் அப்படி அழிபட்டேன். பிறகு ஒருநாள் ஓர் இசையமைப்பாளர் அழிக்காமல் விட்டார். தோழிக்கு ஒரு பாட்டு, கதாநாயகிக்கு ஒரு பாட்டு என்று மெதுவாக மேலே வந்தேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என் குரல் கேட்டால் அக்கா நின்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம்.

கதை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

அந்த இசையமைப்பாளர் ஒரு பெரிய படத்துக்கு மெட்டுப் போட்டார். கதாநாயகி தனியாகப் பாடும் பாட்டு. பல்லவி சாதாரணமாக நடந்து போகும். இரண்டாவது சரணத்தில் திடீரென்று மாடிப்படி ஏறுவதுபோல ஏறி, உச்சியில் ஓரிடத்தில் நின்றுவிடும். "இது உனக்காகவே போட்டது" என்று ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் அந்த உச்சியைப் பாடிப் பார்த்து, டிரைவர் திரும்பிப் பார்த்ததும் இருமுவது மாதிரி நடித்தேன்.

ரெக்கார்டிங்குக்கு முன்னால் வரிசையாக மேடைக் கச்சேரிகள் இருந்தன. காய்ச்சலோடு பாடினேன். கடைசிக் கச்சேரியில், பாட்டு நடுவில், தொண்டைக்குள் நூல் ஒன்று பட்டென்று அறுந்த மாதிரி இருந்தது. வலி இல்லை. குரல் மட்டும் போய்விட்டது. காற்றுதான் வந்தது.

வேலூரில் தொண்டை டாக்டர் ஒருவர் இருந்தார். நடுவயதுப் பெண்மணி, சுருக்கமாகப் பேசுகிறவர். மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டு, திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை நாடாக்கள். அதில் ஒன்றின் மேல் சிவப்பாக ஒரு திட்டு. குரல் நாணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். அவர் மறுபடி பார்த்து அனுமதி கொடுக்கும் வரைக்கும் பேச்சு கிடையாது, முணுமுணுப்பு கிடையாது, ரகசியமாகக் கிசுகிசுப்பதும் கூடாது. அதற்குப் பிறகும் பாட்டுக்குக் காத்திருக்க வேண்டும். நான் காகிதத்தில் ரெக்கார்டிங் என்று எழுதிக் காட்டினேன். "ஊசி போட்டுக்கிட்டுப் பாடலாம்" என்றார் டாக்டர். "அன்னைக்குக் குரல் வரும். மறுபடி ரத்தம் கசிஞ்சா அதுக்கப்புறம் எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

சென்னையில் தனியாக இருந்தால் யாரிடமாவது பேசிவிடுவேன் என்று நேரே ஆம்பூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். பேசாமல் இருக்க அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்த என் புத்தியைப் பாருங்கள். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவள் அக்கா. உப்பைக் கொடு என்று அவள் கேட்டால் தெருமுனையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். பக்கத்து வீட்டு சபீரா அக்காவோ, குறுக்கே பேசாத ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தினமும் வந்து உட்கார்ந்து, தன் மாமியார் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வார். நடுவில் நான் கையை ஆட்டினால், "நீ பேஜாராவாதம்மா, நானே சொல்லிடறேன்" என்று தொடர்வார்.

எழுதிக் காட்டுவதற்கு அக்கா கம்பெனியிலிருந்து வெட்டியதுபோக மிஞ்சின தோல் துண்டுகளையும், தோலில் அடையாளம் போடும் சில்வர் பேனாவையும் கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்புத் தோலில் வெள்ளியாக எழுத்து மின்னும். "காபி வேண்டும்" என்று எழுதினாலும் கல்வெட்டு மாதிரி இருக்கும்.

ஒரு சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. இசையமைப்பாளரின் மேனேஜர். அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். படப்பிடிப்புக்கு எல்லோரும் வெளிநாடு கிளம்புகிறார்கள், பாட்டு கையில் இல்லாமல் போக முடியாது, நாளைக் காலையில் மெர்சி ஸ்டூடியோவில் இருந்தாக வேண்டும் என்றார். அக்கா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது. இசையமைப்பாளரே பேசினார்.

அவர் கத்தவில்லை. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மெர்சி, நீ கேட்டுட்டு இருக்கேன்னு தெரியும்" என்றார். "உன் குரலை மனசுல வெச்சுதான்மா இந்தப் பாட்டையே போட்டேன். ஊசி போடற டாக்டர் நம்ம ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே இருக்கார். எத்தனையோ பேர் போட்டுக்கிட்டுப் பாடியிருக்காங்க. ஒரே ஒரு மணி நேரம். வந்து பாடிட்டு, அப்புறம் எவ்வளவு நாள் வேணும்னாலும் ரெஸ்ட் எடு."

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் தெரியுமா? எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள். டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ரத்தத் திட்டு இந்நேரம் பாதி கரைந்திருக்கும். இப்போது விட்டால் இந்த மெட்டு இன்னொரு தடவை வராது. முக்கியமாக, அவர் என்னை அழிக்காமல் விட்டவர். அவருக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? நான் பேனாவை எடுத்து, தோல் துண்டில் "வர்றேன்னு சொல்லு" என்று எழுதி அக்கா முன்னால் நீட்டினேன்.

அக்கா படித்தாள். ஈர முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். போனைக் கையால் மூடி, அவளுக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில் சொன்னாள்: "நான் சொல்ல மாட்டேன். போறது உன் தொண்டை. வர்றேன்னா நீயே வாயைத் தொறந்து சொல்லு."

போனை என் கையில் வைத்துவிட்டாள்.

"ஹலோ? ஹலோ, மெர்சி?" என்றார் அவர்.

நான் மூச்சை இழுத்தேன். கீழுதட்டில் பல் வைத்தேன். அந்த ஒரு வார்த்தையின் முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. கழுத்து நரம்பெல்லாம் தயாராக நின்றது. அப்போது எனக்குப் பயம் வந்தது. இத்தனை நாளாக மூடியிருந்த இடத்தை இப்போது திறந்தால் என்ன ஆகும்? அந்தச் சிவப்புத் திட்டு என்ன செய்யும்? சத்தம் வெளியே வரவில்லை.

அந்தப் பயத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. வர்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லவே இப்படி நடுங்குகிறேன். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு நாளைக் காலை அந்த மாடிப்படியையெல்லாம் ஏறி உச்சியில் போய் நிற்கப் போகிறேனா?

போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்து, முடியாது என்று தலையை ஆட்டினேன். அக்கா தன் பழைய குரலுக்கு வந்துவிட்டாள். "சார், அவ வரல சார். வேற யாரையாவது பாத்துக்கோங்க. கோச்சுக்காதீங்க, அவளுக்கு உங்க மேல மரியாதை ஜாஸ்தி" என்றாள். அவர், சரிம்மா, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை பொங்கியது. விம்மினாலும் தொண்டைக்குக் கெடுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சத்தம் வராமல் அழ வேண்டும். முயன்று பாருங்கள், வெகு கஷ்டம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் தட்டிக்கொண்டே, அந்தத் தோல் துண்டைப் பார்த்து, நல்ல தோல், அதில் போய் இதை எழுதிவிட்டாய் என்றாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே!

அந்தப் பாட்டை ஒரு புதுப் பெண் பாடினாள். அதற்கு முன் யாரும் கேள்விப்படாத பெண். படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்தது, வந்த வேகத்தில் பற்றிக்கொண்டது. அதற்குள் டாக்டர் எனக்குப் பேச அனுமதி கொடுத்திருந்தார், பாட இன்னும் கொடுக்கவில்லை. ஆகவே ஆம்பூரில் எங்கே போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி நின்றேன். டீக்கடையில், ஆட்டோவில், ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிப் போகிற பஸ்ஸில். சபீரா அக்காவின் போன் அடித்தாலே அதுதான். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. "இன்னா பாட்டும்மா இது, கேட்டியா?" என்று என்னிடமே கேட்டார். கேட்டேன் என்றேன். நன்றாகத்தான் பாடியிருந்தாள். அதுதான் வயிற்றெரிச்சலே. ஏதாவது ஓர் இடத்தில் சறுக்கியிருப்பாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அந்த உச்சியில் போய் நின்றாள் பாருங்கள், தூண் மாதிரி.

எடுத்த முடிவு சரியாக இருந்தால் பலன் முழுதாகக் கையில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. அப்படியும் திட்டு இருந்த இடத்தில் சின்னத் தழும்பு ஒன்று தங்கிவிட்டது. குரல் திரும்பி வந்தது, பேச்சு வந்தது, பாட்டு வந்தது, மேலே இருந்த சில சுரங்கள் வரவில்லை. அங்கே போனால் குரல் இரண்டாகப் பிரிந்து கரகரத்தது. ஊசி போட்டுப் பாடியிருந்தால் மிச்சமும் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். போகாமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் இருக்கிற குரலும் துருப்பிடித்துவிடும்.

சென்னைக்குத் திரும்பியதும் நான் எடுத்த இரண்டாவது முடிவைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். பல பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். போன சுரத்தை மறைப்பார்கள். பயிற்சி இல்லை, மைக் சரியில்லை, ராத்திரி தூக்கமில்லை என்று ஒவ்வொரு ரெக்கார்டிங்கிலும் ஒரு காரணம் சொல்வார்கள். நான் போன இடத்தில் எல்லாம் மைக் முன்னால் நிற்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: சார், இந்த இடம் எனக்கு இப்போது வராது, சுருதியை இறக்கினால் பாடுகிறேன். வாத்தியங்களையெல்லாம் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பார்கள். என் ஒருத்திக்காக எல்லாவற்றையும் எப்படி இறக்குவது? சிலர் மரியாதையாகச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். சிலர் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. வீட்டு வாடகை நினைவுக்கு வரும்போதெல்லாம் விஷயத்தைச் சொல்லாமலே பாடியிருக்கலாமே என்று தோன்றும்.

கடைசியாக அதே இசையமைப்பாளரிடம் போனேன். அவர் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. மேலே வராது என்று சொன்னதும், "கீழே எதுவரைக்கும் போவே?" என்று கேட்டார். என்னிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக இறங்கிக்கொண்டே போனார், நானும் பின்னாலேயே இறங்கினேன். ஓரிடத்தில் கையை நிறுத்தி, "இங்கே ஒரு ஆள் குடியிருக்கறது எனக்குத் தெரியாம போச்சே" என்றார். கதாநாயகியின் அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற காட்சிக்கு ஒரு பாட்டு கொடுத்தார். அதிலிருந்து எனக்குக் கதாநாயகிகள் போய் அம்மாக்கள் வந்தார்கள். தமிழ் சினிமாவில் நான் பாடி அழவைக்காத அம்மா குறைவு. டீச்சர், நர்ஸ், வில்லனின் அக்கா, தொலைக்காட்சித் தொடரின் மாமியார், எல்லோருக்கும் பாடினேன். அந்தத் தழும்போடு பாடின காலம், தழும்பு இல்லாமல் பாடின காலத்தைவிட ரொம்ப நீளம்.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருகிறேன்.

பல வருஷம் கழித்து, அக்கா வேலை பார்த்த கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு என்னைப் பாட அழைத்தார்கள். மைதானம் நிறைய பெண்கள். கட்டிங், தையல், பேக்கிங் என்று பிரிவு பிரிவாக ஒரே நிறத்துப் புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அக்கா. தொகுத்து வழங்கிய பையன் உற்சாகத்தில் மைக்கைப் பிடித்து, நம்ம ஊர்ப் பொண்ணு, இந்தப் பாட்டைப் பாடியவர் என்று அந்தப் பாட்டின் பெயரையே சொல்லிவிட்டான். மைதானமே கை தட்டியது. அதைப் பாடு, அதைப் பாடு என்று சத்தம்.

வாத்தியக்காரர்கள் முன்னிசையையே ஆரம்பித்துவிட்டார்கள். நின்ற இடத்தில் இரண்டு வழி இருந்தது. பேசாமல் பாடிவிடலாம், ஊரே சந்தோஷப்படும், யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அல்லது சொல்லிவிடலாம், அத்தனை பேர் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆகும். அக்காவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உதவியாக ஒரு ஜாடை கூடக் காட்டவில்லை.

கையைத் தூக்கி இசையை நிறுத்தச் சொன்னேன். இந்தப் பாட்டு எனக்காகப் போட்டது, ஆனால் நான் பாடவில்லை, அப்போது எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, பாடிய பெண்ணின் பெயரையும் சொன்னேன். என்னால் அதைவிட நன்றாகப் பாடியிருக்க முடியாது என்றும் சொன்னேன். தொகுப்பாளர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்போது தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் எழுந்து, "பரவாலக்கா, அவங்க சினிமாவுக்குப் பாடினாங்க. நீங்க எங்களுக்குப் பாடுங்க" என்றாள்.

கீபோர்டுக்காரரிடம் சுருதியை நன்றாக இறக்கச் சொன்னேன். பாடினேன். அத்தனை வருஷம் கழித்து, முதல் தடவையாக. இரண்டாவது சரணம் நெருங்கும்போது, இறக்கியும்கூட அந்த உச்சி எனக்கு எட்டாது என்று தெரிந்தது. அந்த இடத்தில் கீழேயே திரும்பிவிடலாம் என்று மனசுக்குள் வேறொரு வழி போட்டு வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. படி ஏறத் தொடங்கியதும் அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் கம்பெனி பஸ்ஸில் பாடிப் பாடிப் பழகிய பாட்டு. பாதிப் பேருக்குச் சுருதி சேரவில்லை. சேராமலேயே எல்லோரும் உச்சிக்குப் போய், மூச்சு இருக்கிற வரை நின்றார்கள். நான் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டு, வாயை மூடி நின்றேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

யாரோ அதைப் போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். இரண்டொரு நாளில் எனக்கு ஒரு போன். அந்தப் பாட்டைச் சினிமாவில் பாடிய பெண்தான். அதற்குள் அவள் எவ்வளவு பெரிய பாடகி ஆகிவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் விழாக்களில் பார்த்துச் சிரித்திருக்கிறோமே தவிர, பேசியதில்லை.

"அக்கா, என் பாட்டை இறக்கிப் பாடினீங்களாமே" என்றாள்.

ஆமாம்மா, மேலே எனக்கு வராது என்றேன்.

"எவ்வளவு இறக்கினீங்க? எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள். "போற மேடையெல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. அந்த இடம் வரப்போகுதுன்னாலே ரெண்டு வருஷமா எனக்குப் பயமா இருக்கு. இறக்கறேன்னு யார்கிட்டயும் சொல்ல முடியல."

சொன்னேன். எந்தச் சுருதி, எங்கே மூச்சு எடுப்பது, எந்த இடத்தில் மைக்கை ஜனங்கள் பக்கம் திருப்பிவிடுவது, எல்லாம். அப்படியே வேலூர் டாக்டரின் விலாசத்தையும் கொடுத்தேன். அடுத்த மேடையிலேயே அவள் சுருதியை இறக்கினாள். அதை யாரும் கவனிக்கவில்லை என்று அவளே மறுநாள் போன் செய்து சொன்னாள். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.